மச்சான் வாங்கிய தூண்டில்

அந்தமானில் லாங் ஐலண்ட் ஜெட்டிக்கு வலது கைப் பக்கம், கடல் வற்றும்போது ஒரு பெரிய திட்டு வெளியே தெரியும். மணலும் சேறும் செத்த பவளமும் கலந்த தரை. அதன் மேல் முழங்காலுக்கும் குறைவாகக் கண்ணாடி மாதிரித் தண்ணீர் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அந்தத் தண்ணீரின் நடுவே என் மச்சான் நின்றுகொண்டு, பட்டை உரித்த நீளக் குச்சியின் நுனியில் கட்டிய கயிற்றைக் காற்றில் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். கயிற்றின் முனையில் முள் இல்லை, இரையும் இல்லை. அது பின்னால் போய் முழுக்க நீண்டு, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகு முன்னால் வந்து தண்ணீரின் மேல் சத்தமில்லாமல் படுத்தது. அவர் மறுபடி எடுத்தார், மறுபடி வீசினார். ஜெட்டியில் பீடி குடித்துக்கொண்டிருந்த மரமில் ஆட்கள் சிரித்தார்கள். வங்காளி மிஸ்திரி என் தோளைத் தட்டி, "பாபு, தும்ஹாரா சாலா பாகல் ஹோ கயா" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தீவு முழுக்க அவரைப் பைத்தியம் என்று பேச வைத்துவிட்டாரே என்று நினைத்தேன்.

மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். இருவரும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். என் மனைவி சிறு வயதிலேயே ராமநாதபுரத்துச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து வளர்ந்து என்னைக் கட்டிக்கொண்டு, நான் மரமில்லில் கிளார்க்காக வேலைக்குச் சேர்ந்த இந்தத் தீவுக்கு வந்துவிட்டாள். அண்ணன் அங்கேயே இருந்தார். மலையில் துரைமார்களுக்கு ஒரு மீன்பிடி கிளப் இருந்தது. குளிர்ந்த ஓடைகளில் சீமையிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களை அவர்கள் இறகால் செய்த பொய்ப் பூச்சியைக் காட்டிப் பிடிப்பார்கள். மச்சானுக்கு அந்த கிளப்பில் வேலை. ராடுகளைத் துடைப்பது, பட்டு நூலைக் காயவைப்பது, சேவல் இறகில் பூச்சி கட்டுவது, துரைகளோடு ஓடைக்கு நடப்பது. துரைகள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவரும் வீசிப் பார்ப்பார். வீசி வீசிக் கை படிந்துவிட்டது. தூண்டில் என்றால் கனமான இரையைத் தூக்கி எறிவது என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். அந்த வகைத் தூண்டிலில் எறியப்படுவது நூல்தான், பூச்சி அதன் பின்னால் சும்மா போகிறது என்று அவர் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். எனக்கு முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

பிறகு இரண்டு அரசாங்கங்களும் பேசி, யார் அங்கே இருப்பது யார் இங்கே வருவது என்று பிரித்தன. மச்சானுக்கு இந்தியா என்று ஆனது. அவர் மனைவியின் அப்பா அப்போது படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு வர முடியாமல் என் மனைவியின் அண்ணி கைக்குழந்தையோடு பின்தங்கினார். அப்பா காரியம் முடிந்ததும் வருவதாகப் பேச்சு. அதற்கான அனுமதித் தாள் அண்ணியிடம் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் புறப்படாவிட்டால் தாள் செல்லாது. மச்சான் மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, தங்கை இருக்கும் இடம் என்று கப்பலேறி எங்களிடம் வந்து சேர்ந்தார். மில்லில் மஸ்டர் ரோலில், தினக்கூலியாக, கட்டை உருட்டும் வேலையில் சேர்த்துவிட்டேன். என் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தகரம் சாய்த்து ஒரு மறைப்பு. அதுதான் அவர் வீடு. மழை பெய்தால் அதற்குள் பேசுவது வெளியே கேட்காது.

அங்கே மாமனார் சீக்கிரமே இறந்துபோனார். கப்பல் செலவுக்கென்று மச்சான் சேர்த்துக்கொண்டே வந்தார். "கூப்பிட்டுருங்க அண்ணே" என்று என் மனைவி சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான். "இந்தத் தகரத்துக்குள்ளயா அவள கூட்டியாரச் சொல்ற? மொதல்ல பக்கா நௌக்ரி. அப்பறம் குவார்ட்டர்ஸ். அதுக்கப்பறந்தான் அவ." நிரந்தர வேலை இல்லாத மஸ்டர் ரோல் ஆளுக்கு குவார்ட்டர்ஸ் கிடையாது. நானே மனு எழுதி மேலே அனுப்பிப் பார்த்தேன். இடம் காலியில்லை என்று திரும்பி வந்தது. எனக்குத் தெரிந்த எந்தக் கதவும் அவருக்குத் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போர்ட் பிளேரிலிருந்து மேலதிகாரி, பெரிய சாப், ஆய்வுக்கு வந்தார். பஞ்சாபி. நல்ல உயரம், உரத்த சிரிப்பு. மீன் பிடிப்பதில் அவருக்குப் பித்து. மோட்டார் படகின் பின்னால் தடித்த நூலை இழுத்துக்கொண்டே போய்ப் பிடிப்பார். வற்றிய திட்டில் மச்சான் குச்சியும் கயிறும் வைத்து வீசிக்கொண்டிருந்ததை அவர் படகிலிருந்து பார்த்துவிட்டார். மற்றவர்களைப் போல அவர் சிரிக்கவில்லை. படகை நிறுத்தச் சொல்லி, பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார். நான் ஃபைலும் கையுமாகப் பின்னால் ஓடினேன்.

"யே கஹான் சீக்கா?" என்று கேட்டார். எங்கே கற்றாய் என்று.

மச்சானுக்கு அப்போது இந்தி அரைகுறை. "சிலோன், சாப். தொரை லோக் கே சாத்" என்றார், துரைமார்களோடு என்று.

சாப் அந்தக் குச்சியை வாங்கி வீசிப் பார்த்தார். கயிறு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அவருக்கு ஒரே சந்தோஷம். தண்ணீரில் கால் நனைய நின்றபடியே நிறையப் பேசினார். மெயின்லேண்டில் ஒரு மலை நதியில் யாரோ இப்படி வீசுவதைப் பார்த்து ஆசைப்பட்டாராம், சொல்லித்தர ஆள் இல்லையாம். கிளம்பும்போது, "ராடும் ரீலும் ஒன்று வாங்கி வை. அடுத்த தடவை நான் வரும்போது எனக்குக் கற்றுக்கொடு. உன் வேலை விஷயம் நான் பார்க்கிறேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் படகில் ஏறினார். பெரிய மனிதர்கள் ஒரு நாளில் இப்படி எத்தனையோ சொல்வார்கள். நான் அதே ஆபீஸில் உட்கார்ந்து வருடக் கணக்கில் அதைக் கேட்டவன். மச்சான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை. போர்ட் பிளேர் கடைகளில் கிடைத்ததெல்லாம் படகுத் தூண்டில்கள். பொய்ப் பூச்சி கட்டும் ஈத்தூண்டில் வேண்டுமென்றால் கல்கத்தாதான். கப்பலில் பட்லராக இருந்த நாகூர்க்காரர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். சீமைத்துரைகள் விட்டுப்போன சாமான்களை விற்கும் கடைகள் அவருக்குத் தெரியும். ஒரு பயணத்தில் பார்த்துவிட்டு வந்து, அடுத்த முறை நாங்கள் போர்ட் பிளேர் போயிருந்தபோது ஜெட்டியில் வைத்து விவரம் சொன்னார். "ரெண்டு ராடு இருக்கு, இலங்கைக்காரரே. ஒண்ணு மூங்கில்ல பிளந்து ஒட்டினது. பழசு, ஆனா அழகு. இன்னொண்ணு கண்ணாடி நார்ல செஞ்சதாம், புதுசு. பழுப்பா இருக்கு. அது கொஞ்சம் கனம், விலையும் கனம்."

மச்சான் கேட்ட கேள்விகளில் பட்லருக்கு வியர்த்துவிட்டது. மூங்கில் ராடின் மூட்டுகளில் பித்தளை ஆடுகிறதா, நுனியை அழுத்தினால் வளைவு எங்கே தொடங்குகிறது, ரீலில் எவ்வளவு நூல் கொள்ளும், சக்கரத்தைப் பிடித்து நிறுத்த பிரேக் உண்டா, அல்லது வெறும் டிக் டிக் சத்தம்தானா. பட்லர், "நான் என்ன அதக் கல்யாணமா கட்டப்போறேன்?" என்று சலித்துக்கொண்டாலும் மறு பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்து வந்து சொன்னார். ரீலும் இரண்டு. ஒன்று சின்னது, ஓடை மீனுக்கானது, மலிவு. மற்றது பெரியது, பிரேக் உள்ளது, உப்புக்கு ஈடு கொடுக்கும்படி பூச்சுப் பூசியது.

அந்த வாரங்களில் அவர் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். மில்லில் கட்டை உருட்டிவிட்டு வந்து, தகர மறைப்பின் வாசலில் குந்தி உட்கார்ந்து, தனக்குத் தானே வாதாடுவார். நல்ல ராடும் நல்ல ரீலும் சேர்த்து வாங்க அவரால் முடியாது. ஏதாவது ஒன்றுதான் நல்லதாக வாங்கலாம். ஓடையில் ரீல் என்பது நூலைச் சுற்றி வைக்க ஒரு பெட்டி, அவ்வளவுதான். அங்கே ராடுதான் எல்லாம். ஆனால் இந்தத் திட்டில் ஏறுகிற பாரை மீன் ஓடை மீன் இல்லை. முள் பட்டதும் ஆழ்கடலைப் பார்த்து ஒரே ஓட்டம் ஓடும். அந்த ஓட்டத்துக்கு விட்டுக்கொடுக்க நூல் வேண்டும், பிடித்து நிறுத்த பிரேக் வேண்டும். சின்ன ரீல் என்றால் ஒரே இழுப்பில் காலி. அதே சமயம் மூங்கிலை ஒட்டிய பசை உப்புத் தண்ணீருக்கும் இந்த மழைக்கும் எத்தனை நாள் தாங்கும்? "ராடு ஒடஞ்சா கட்டிக்கலாம் மாப்பிள்ள. ரீல் நின்னா மீனே இல்ல" என்று ஒரு நாள் சொல்வார். மறுநாள், "கையில புடிக்கிறது ராடுதானே, அத எப்படி மட்டமா வாங்குறது?" என்பார். எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. ஏனென்றால் அவர் எந்தப் பணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

என் மனைவிதான் வாய் திறந்தாள். சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அண்ணே, அது அண்ணி வர்ற காசு" என்றாள்.

"இதுவும் அவ வர்றதுக்குத்தான் தங்கச்சி."

"மீன் புடிக்கிற குச்சிலயா அண்ணி வருவா?"

அவர் கோபப்படவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, "சாப் என் மூஞ்சியப் பாத்து சொன்னாரு. தண்ணிக்குள்ள எறங்கி வந்து சொன்னாரு. வேற யாரு எங்கிட்ட எறங்கி வந்திருக்கா?" என்றார்.

கடைசியில் ரீலை நல்லதாக எடுத்தார். ராடுக்கு மூங்கில். பட்லர் அதைத் துணிச் சுருளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது, கைக்குழந்தையை வாங்குவது போல் வாங்கினார். பிரித்துப் பார்த்ததும் முகம் கொஞ்சம் சுருங்கியது. நடு மூட்டுக்குக் கீழே ஒரு பழைய பிளவு, யாரோ ஒட்டியது. அதைச் சுரண்டி, மறுபடி ஒட்டி, பட்டு நூல் சுற்றி, மில்லிலிருந்து கேட்டு வாங்கிய வார்னிஷை மேலே மேலே பூசினார். எங்கள் வீட்டு வெள்ளைச் சேவலின் கழுத்து இறகில் நெத்திலி மாதிரி ஒரு பூச்சி கட்டினார். தண்ணீரில் நனைத்து இழுத்தால் அது நெளிந்தது. என் மனைவிகூட வாயில் கை வைத்துப் பார்த்தாள்.

ஒரே ஒரு நாள்தான் அந்தத் தூண்டில் அவருக்கு என்று இருந்தது. விடுமுறை நாள், தண்ணீர் ஏறத் தொடங்கிய நேரம். திட்டின் ஓரத்தில் பாரைகள் சின்ன மீன்களை விரட்டிக்கொண்டு வந்தன. மச்சான் குனிந்து பூனை மாதிரி நடந்துபோய் ஒரே வீச்சில் வைத்தார். தண்ணீர் வெடித்தது. ரீல் கத்திய சத்தம் ஜெட்டிவரை கேட்டது. மில் ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மீன் ஓடும்போது விட்டு, நிற்கும்போது சுற்றி, தண்ணீர் இடுப்புக்கு ஏறும் வரை போராடி அதைக் கரைக்குக் கொண்டுவந்தார். வங்காளி மிஸ்திரிதான் முதலில் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தார். அன்று மீனைத் துண்டு போட்டுப் பத்து வீட்டுக்குக் கொடுத்தோம். மச்சான் சாப்பிடாமல் ராடை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். "தாங்கிருச்சு மாப்பிள்ள, ரீல் நல்லாப் புடிச்சுச்சு" என்று மறுபடி மறுபடி சொன்னார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

சாப் வந்தார். அவர் மறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆய்வு முடிந்ததும் முதல் வேலையாக, "கஹான் ஹை வோ சிலோன்வாலா?" என்று கேட்டார், எங்கே அந்த சிலோன்காரன் என்று. இருவரும் திட்டில் இறங்கினார்கள். நானும் மிஸ்திரியும் கரையில் நின்றோம். வெயில் ஏறும் வரை மச்சான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்துக் காட்டினார். சாப் நல்ல மாணவர். நூல் நீள ஆரம்பித்தது. ஒரு வீச்சு சரியாக விழுந்தது, அந்த ஒன்றுக்கே பாரை வந்துவிட்டது.

"சோடோ சாப்! லைன் சோடோ!" என்று மச்சான் கத்தினார். விடுங்கள், நூலை விடுங்கள் என்று.

சாப் விடவில்லை. படகில் தடித்த நூலைப் பிடித்துப் பழகிய கை. ரீல் சக்கரத்தை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து, ராடை இரண்டு கையாலும் பின்னால் இழுத்தார். மரம் முறிகிற சத்தம் மில்லில் வேலை செய்தவனுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தச் சின்னச் சத்தம் எனக்கு நெஞ்சில் விழுந்தது. நூலும் அறுந்தது. ராடின் மேல் பாதி தண்ணீரில் மிதந்தது.

சாப் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "க்யா மச்லீ தீ! தேக்கா தும்னே?" என்ன மீன், பார்த்தாயா என்றார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு மீனைத் தொட்டதில்லையாம். மச்சானின் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார். கவலைப்படாதே, மெயின்லேண்டிலிருந்து புது ராடு அனுப்புகிறேன், கண்ணாடி நார் ராடு, என்றார். வேலையைப் பற்றி மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஹாங் ஹாங், யாத் ஹை" என்றார் சாப், ஞாபகம் இருக்கிறது என்று. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் படகில் ஏறினார். அடுத்த ஆய்வுக்கு வந்தவர் வேறொரு சாப். முதலாமவர் மாற்றலாகி மெயின்லேண்ட் போய்விட்டார் என்று சொன்னார்கள். புதியவருக்கு மீன் வாசனையே ஆகாது.

ராடு ஒடிந்த அன்று என் மனைவி ஆற்றாமையில் கேட்டாள். "அத ஏண்ணே அவர் கையில குடுத்தீங்க? நீங்களே புடிச்சுக் காட்டியிருக்கலாமே?"

மச்சான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அவர் கையில குடுக்கத்தானே வாங்கினேன்" என்றார்.

அதற்குப் பின் அவர் திட்டில் இறங்கவில்லை. ரீலைப் பட்லரே பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் பணமும் பிறகு சேர்த்ததும் சேர்ந்து மறுபடி ஒரு தொகை ஆவதற்குள் அண்ணியின் தாளுக்குக் கெடு முடிந்துவிட்டது. நீட்டித்துத் தரும்படி நான் எழுதாத ஆபீஸ் இல்லை. நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டம் போடுகிறார்கள், இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலையும் வீடும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் கேட்டுப் பார்த்தோம். குடும்பமாக வந்தவர்களுக்குத்தான் என்றார்கள். குடும்பம் வர வீடு வேண்டும், வீடு வேண்டுமானால் குடும்பம் இருக்க வேண்டும். மச்சான் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், ஏற்கெனவே தெரிந்த செய்தி மாதிரி. கட்டை உருட்டினார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். ஒரு நாள் எந்தப் பேச்சும் இல்லாத நேரத்தில், "ரெண்டுல ஒண்ணு நல்லதா இருந்தாப் போதும்னு நெனச்சுட்டேன் மாப்பிள்ள" என்றார். சில வருடங்களில் மலேரியா காய்ச்சல் மூளைக்கு ஏறி, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அப்போதும் மஸ்டர் ரோல்தான்.

இப்போது நாங்கள் போர்ட் பிளேரில், டாலிகஞ்சில் இருக்கிறோம். இந்தத் தீவுகளுக்கு வெள்ளைக்காரர்களும் மெயின்லேண்ட் பணக்காரர்களும் ஈத்தூண்டில் போடுவதற்கென்றே வருகிறார்கள். ஜெட்டியில் நீளக் குழாய்களில் ராடுகளைச் சுமந்துகொண்டு நிற்பார்கள். இறகுபோல் கனமில்லாத ராடு, உப்பு உள்ளே போகாத ரீல். அவர்களோடு போகும் நம் ஊர்ப் பையன்களுக்கு நல்ல சம்பளம் என்கிறார்கள். நான் அந்தப் பக்கம் அதிகம் நிற்பதில்லை.

போன வருடம் மச்சானின் மகள் வந்தாள். அப்பா முகம் தெரியாத கைக்குழந்தையாக அங்கே நின்றுபோனவள். இப்போது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், தலையில் பாதி நரை. அம்மா இறந்த பிறகு, எங்கள் விலாசத்தைத் தேடிப் பிடித்து, சென்னை வந்து விமானம் ஏறி வந்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவைப் பற்றிக் கேட்டாள். நான் எதையும் மறைக்கவில்லை. ராடு, ரீல், சாப், ஒடிந்தது, கெடு முடிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். வீடு இல்லாமல் உங்களைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை என்றேன்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அம்மாவுக்கு வீடெல்லாம் வேணாம் மாமா. லயத்துல ஒரே காம்பராவுல பத்துப் பேரோட பொறந்து வளந்தவங்க. கப்பல் காசு மட்டும் வந்தாப் போதும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பெட்டியக் கட்டி வச்சிருந்தாங்க. நான் பெரிய பொண்ணா ஆகுற வரைக்கும் அது கட்டினபடியேதான் இருந்துச்சு."

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "இத அண்ணி எங்கண்ணனுக்கு எழுதலையாம்மா?"

"வீடு கிடைச்சதும் கூப்பிடறேன்னு அப்பா எழுதுவாரு. அம்மா யாரையாவது வச்சு சரின்னு எழுதச் சொல்லுவாங்க. தகரத்துக்குள்ள இருந்தாலும் பரவாயில்லன்னு எழுதினா அப்பாவுக்கு மனசு நோகும்னு."

என் மனைவி எழுந்து அடுக்களைக்குள் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அது வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"லாங் ஐலண்டுக்கு நாளைக்கு போட் இருக்கா மாமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

காலையில் இருக்கிறது என்றேன். ஆனால் அங்கே பார்க்க எதுவும் இல்லை, மில் மூடியாகிவிட்டது, நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் மேல் காடு ஏறிவிட்டது, அவரை எரித்ததுகூட இங்கே போர்ட் பிளேரில்தான் என்று சொன்னேன்.

"பரவாயில்ல மாமா" என்றாள். "அம்மா வரணும்னு இருந்த எடம். போயிட்டு வந்துர்றேன்."